ஸ்பானிஷில் "நான் இந்த வேலை பார்க்கிறேன்" என்று சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிக்கும் தமிழர்கள் முதல் வாரத்திலேயே தடுமாறும் இடம் இது. பெயர் சொல்லியாச்சு, ஊர் சொல்லியாச்சு, அப்புறம் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லணும். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், ஆப் ஆங்கிலத்தில், அகராதியும் ஆங்கிலத்தில். அதனால் மனசுக்குள் முதலில் ஒரு ஆங்கில வாக்கியத்தை உருவாக்கி, அதைச் சொல்லுக்குச் சொல் ஸ்பானிஷாக மாற்றுகிறோம். வேலை பற்றிய பேச்சில் வரும் தப்புகளில் பெரும்பாலானவை இந்தச் சுற்றுவழியால்தான் வருகின்றன என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களில் நம் தமிழ் வாக்கியமே ஸ்பானிஷுக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஆங்கிலம்தான் தள்ளி நிற்கிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் உச்சரிப்பு சரியாக வருமா?

ஓரளவுக்கு வரும். ஸ்பானிஷின் "ஞ" நம்மிடம் அப்படியே இருக்கிறது. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் மெல்லிய "த"வும் நாம் "காதல்" என்று சொல்லும்போது வருகிற அதே ஒலிதான். நான் "ஹ" என்று எழுதும் இடத்தில் தொண்டையிலிருந்து கொஞ்சம் உரசி வரவேண்டும். ஸ்பெயினில் பெரும்பகுதியில் சில "ச"க்களை நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துச் சொல்வார்கள், லத்தீன் அமெரிக்காவில் சாதாரண "ச"தான். நான் இங்கே லத்தீன் அமெரிக்க ஒலியை வைத்தே எழுதுகிறேன். காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

"ஐ ஆம் எ டாக்டர்" என்பதை "சோய் உன் மெதிக்கோ" என்று எழுதினேன். ஆசிரியர் "உன்"னை அடித்துவிட்டார். ஏன்?

ஸ்பானிஷில் ஒருவர் தன் தொழிலைச் சும்மா சொல்லும்போது முன்னால் "ஒரு" போடமாட்டார்கள். "சோய் மெதிக்கோ", அவ்வளவுதான். "சோய் ப்ரொஃபெசோரா", நான் ஆசிரியை. பன்மையிலும் அப்படியே: "சோமோஸ் மெதிக்கோஸ்", நாங்கள் டாக்டர்கள்.

இதில் நமக்குக் குழப்பமே வந்திருக்கக் கூடாது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டால் "மாப்பிள்ளை இன்ஜினியர்" என்போம், "மாப்பிள்ளை ஒரு இன்ஜினியர்" என்று யாரும் சொல்லமாட்டோம். அதே "மாப்பிள்ளை இன்ஜினியர்"தான் ஸ்பானிஷ், நடுவில் "எஸ்" என்ற வினை மட்டும் சேர்கிறது. ஆங்கிலத்தின் "எ" நடுவில் புகுந்ததால்தான் "உன்" வந்தது.

அப்படியென்றால் "உன்" எப்போதுமே வராதா?

வரும். அந்த ஆளைப் பற்றி நீங்கள் ஏதாவது கூடுதலாகச் சொன்னால் வரும். "எஸ் உன் புவென் மெதிக்கோ", அவர் ஒரு நல்ல டாக்டர். தமிழிலும் இங்கே "ஒரு" தானாக வந்து உட்கார்கிறதைப் பாருங்கள். ஆனால் அடைமொழி தொழிலின் வகையைச் சொல்கிறது என்றால் மறுபடி "உன்" கிடையாது: "எஸ் இன்ஹெனியேரோ சிபில்", அவர் சிவில் இன்ஜினியர். சிவில் என்பது பாராட்டு இல்லை, அது எந்த இன்ஜினியர் என்பதைத்தான் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. சில தொழில்களில் "உன்" சேர்ந்தால் அர்த்தமே திரும்பிவிடும். "எஸ் கார்னிசேரோ" என்றால் அவர் கறிக்கடைக்காரர், மரியாதையான தொழில். "எஸ் உன் கார்னிசேரோ" என்று ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரைப் பற்றிச் சொன்னால் "அந்த ஆள் கசாப்புக்காரன், அவர்கிட்ட போகாதே" என்று அர்த்தம். "எஸ் பயாசோ" என்றால் சர்க்கஸில் கோமாளி வேலை பார்ப்பவர், "எஸ் உன் பயாசோ" என்றால் அது திட்டு. எனவே "உன்" விட்டுப்போனால் பெரிய ஆபத்து இல்லை, தேவையில்லாமல் சேர்ந்தால்தான் சில சமயம் வம்பு.

வேலைக்கு "சோய்" போடணுமா, "எஸ்தோய்" போடணுமா?

இரண்டுக்கும் ஆங்கிலத்தில் "ஐ ஆம்"தான். தொழிலைச் சொல்ல "சோய்". இது நிரந்தரமா தற்காலிகமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கே ரிட்டயர் ஆகப் போகிறவரும் இன்றைக்கு "சோய் ப்ரொஃபெசோர்"தான்.

ஆனால் "எஸ்தோய் தெ" என்று ஒன்று இருக்கிறது, ரொம்ப அழகான அமைப்பு, ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஒன்று கிடையாது என்பதால் பல பாடப்புத்தகங்கள் பேசாமல் கடந்துவிடும். "சோய் இன்ஹெனியேரோ, பெரோ எஸ்தோய் தெ கமரேரோ": நான் இன்ஜினியர், ஆனா இப்போதைக்கு ஹோட்டல்ல சர்வரா இருக்கேன். நம்முடைய "சர்வரா இருக்கேன்" எப்படி, படிச்சது வேற, இப்போ பார்க்கிறது வேற என்பதை அந்த "-ஆ இருக்கேன்" வழியாகச் சொல்கிறதோ, அதையேதான் "எஸ்தோய் தெ" சொல்கிறது. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஸ்பெயினில் வேலையில்லாதோர் விகிதம் ஏறிக்கொண்டே போய் 2013இல் 26 சதவீதத்தைத் தாண்டியது. அந்தத் தலைமுறைப் பட்டதாரிகளில் பலர் தங்களைப் பற்றிச் சொல்ல இந்த வாக்கியம் தேவைப்பட்டது.

இதே "எஸ்தார் தெ" ("எஸ்தார்" என்பது "எஸ்தோய்"யின் மூல வடிவம்) இன்னும் சில இடங்களிலும் வரும். "எஸ்தா தெ குவார்தியா", டாக்டர் இன்றைக்கு டியூட்டியில் இருக்கிறார். "எஸ்தா தெ பகாசியோனெஸ்", லீவில் போயிருக்கிறார்.

"வாட் டு யூ டூ?" என்று கேட்க "கே ஆசெஸ்?" போதாதா?

"கே ஆசெஸ்?" என்றால் பெரும்பாலும் "என்ன பண்ணிக்கிட்டிருக்கே?" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நம் "என்ன பண்றீங்க?"வுக்கும் அந்த இரட்டை அர்த்தம் உண்டு. தொழிலைக் கேட்க "ஆ கே தெ தெதிக்காஸ்?" அல்லது "என் கே த்ரபாஹாஸ்?". முதலாவது எல்லா நாட்டிலும் செல்லும், கொஞ்சம் நாசூக்கானதும்கூட. சொந்தத் தொழில் செய்பவர், எழுத்தாளர், வீட்டைக் கவனித்துக்கொள்பவர் என்று யாரிடமும் கேட்கலாம். இரண்டாவது சம்பள வேலை இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு கேட்பது போல ஆகிவிடலாம்.

பெரியவர்களிடமும் முதல்முறை சந்திப்பவர்களிடமும் "ஆ கே செ தெதிக்கா உஸ்தேத்?". "நீ, நீங்கள்" வித்தியாசம் ரத்தத்தில் ஊறிய நமக்கு "தூ, உஸ்தேத்" பழகுவது சுலபம். "உஸ்தேத்" வந்தால் வினை அவர், அவள் என்பதற்கான வடிவில் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அர்ஜென்டினா, உருகுவே பக்கம் "தூ"வுக்குப் பதில் "போஸ்", அங்கே "தெ கே த்ரபஹாஸ்?" என்று "ஹா"வில் அழுத்திக் கேட்பார்கள்.

பெண்களுக்குத் தொழில் பெயர் எப்படி மாறும்?

"ஓ"வில் முடிவது "ஆ" ஆகும்: அபொகாதோ, அபொகாதா (வக்கீல்), என்ஃபெர்மேரோ, என்ஃபெர்மேரா (நர்ஸ்). "ஓர்" என்று முடிந்தால் "ஓரா": எஸ்க்ரிதோர், எஸ்க்ரிதோரா (எழுத்தாளர்). "ஈஸ்தா"வில் முடிவது பொதுவாக மாறாது: தெந்தீஸ்தா, பெரியொதீஸ்தா, தக்ஸீஸ்தா. பல் டாக்டர், பத்திரிகையாளர், டாக்ஸி ஓட்டுநர், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல், முன்னால் வரும் "எல், லா" (ஆங்கிலத்தின் "தி") மட்டும் மாறும். "டென்டிஸ்டோ" என்று ஆணுக்குத் தனியாக உருவாக்க வேண்டாம், அப்படி ஒரு சொல் இல்லை. பைலட்டுக்கு "எல் பிலோத்தோ, லா பிலோத்தோ", போர்வீரருக்கு "எல் சொல்தாதோ, லா சொல்தாதோ". நடிகர் ஆக்தோர், நடிகை ஆக்த்ரீஸ்.

சிலருக்கு ஒரு சந்தேகம் வரும்: இசைக்கலைஞர் "மூசிக்கோ" என்றால் பெண் இசைக்கலைஞர் "மூசிக்கா", ஆனால் "மூசிக்கா" என்றாலே இசைதானே? ஆமாம், இரண்டும் ஒரே சொல். வாக்கியம் தெளிவுபடுத்திவிடும். "போலிசீயா"வும் அப்படித்தான், "லா போலிசீயா" என்பது பெண் போலீஸாகவும் இருக்கலாம், மொத்தக் காவல்துறையாகவும் இருக்கலாம்.

"ப்ரெசிதேந்தா" தப்பு, "லா ப்ரெசிதேந்தெ"தான் சரி என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

தப்பு இல்லை. "எந்தெ" என்று முடியும் சொற்கள் பொதுவாக மாறாது, ஹெரேந்தெ (மேனேஜர்) இருபாலுக்கும் ஒன்றுதான். ஆனால் "ப்ரெசிதேந்தா" நேற்று முளைத்த சொல் இல்லை. ஸ்பெயினின் ராயல் அகாடமி, அதாவது 1713இல் தொடங்கிய மொழி அமைப்பு, தன் அகராதியில் அதை 1803லேயே சேர்த்துவிட்டது. 2024 அக்டோபர் 1 அன்று மெக்சிகோவின் முதல் பெண் அதிபராகப் பதவியேற்ற கிளாவ்தியா ஷெயின்பாம் தன்னை "ஆ"வில் முடியும் "ப்ரெசிதேந்தா" என்றே அழைக்கச் சொல்கிறார். ஒரு காலத்தில் "அல்கால்தேசா" என்றால் மேயரின் மனைவி என்றும் ஒரு அர்த்தம் இருந்தது, இப்போது அந்தப் பெண்தான் மேயர். பெண்கள் பதவிக்கு வந்தார்கள், சொல்லும் கூடவே வந்தது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, பெண் என்றால் பெண்பால் வடிவத்தைத் தாராளமாகப் போடுங்கள்: மெதிக்கா, ஹுயேசா (நீதிபதி), ஹேஃபா (மேலதிகாரி), இன்ஹெனியேரா. தன்னை வேறு மாதிரி அழைக்கச் சொல்பவரை மட்டும் அவர் சொல்கிறபடி அழையுங்கள்.

கவனிக்க வேண்டிய ஒன்று: "அசிஸ்தேந்தா" என்றால் ஸ்பெயினில் வீட்டு வேலைக்கு வருபவர். அலுவலக உதவியாளர் பெண்ணாக இருந்தால் அவர் "அசிஸ்தேந்தெ"தான்.

"ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்": இதை எத்தனை தடவை முயன்றாலும் சரியாக வரவில்லை.

ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "அஞ்சு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்." நிகழ்காலம்தானே? ஸ்பானிஷும் நிகழ்காலம்தான். "த்ரபாஹோ அக்கீ தெஸ்தெ ஆசெ சிங்க்கோ ஆஞோஸ்." இன்னும் இயல்பாக வேண்டுமென்றால் "யேபோ சிங்க்கோ ஆஞோஸ் த்ரபஹாந்தோ அக்கீ". "யேபார்" என்பது சுமப்பது, கொண்டுபோவது என்ற வினை. இங்கே அது அஞ்சு வருஷத்தைக் கடந்து வந்திருக்கிறேன் என்கிற மாதிரி வருகிறது.

ஆங்கிலத்தின் அந்த மூன்றடுக்கு வினையை அப்படியே ஸ்பானிஷில் கட்டினால் இலக்கணப் பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் வேலையை ஏற்கெனவே விட்டுவிட்டீர்களோ என்று கேட்பவர் யோசிக்கலாம். மெக்சிகோவில் "தெங்கோ சிங்க்கோ ஆஞோஸ் த்ரபஹாந்தோ அக்கீ" என்றும் சொல்வார்கள். அதில் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், "தெங்கோ சிங்க்கோ ஆஞோஸ்" மட்டும் சொன்னால் எனக்கு அஞ்சு வயசு என்று ஆகிவிடும்.

"என் அப்பா விவசாயியாக இருந்தார்": எரா போடுவதா, ஃபுவே போடுவதா?

"மி பாத்ரெ எரா அக்ரிகுல்தோர்." அவர் வாழ்க்கை அப்படி இருந்தது என்று பின்னணியாகச் சொல்லும்போது "எரா". ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு பதவிக்காலம் என்றால் "ஃபுவே": "ஃபுவே அல்கால்தெ குவாத்ரோ ஆஞோஸ்", நாலு வருஷம் மேயராக இருந்தார். கால அளவு வாக்கியத்தில் வந்துவிட்டால் பெரும்பாலும் "ஃபுவே"தான் பொருந்தும்.

"டாக்டர் ஆனாள்", "டைரக்டர் ஆனார்": இந்த "ஆனார்"க்கு ஸ்பானிஷில் ஒரே சொல் இல்லையா?

இல்லை. அவர் எப்படி ஆனார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். படித்து, விரும்பி, தானே முயன்று ஆனால் "செ ஈசோ மெதிக்கா". கீழிருந்து படிப்படியாக ஏறி, வருஷக்கணக்கில் உழைத்து அந்த இடத்துக்கு வந்தால் "யெகோ ஆ செர் திரெக்தோரா", டைரக்டர் நிலைக்கு வந்து சேர்ந்தார். யாரோ நியமித்தார்கள் என்றால் "லா நொம்ப்ராரோன் திரெக்தோரா". ஒரு பேருந்து நடத்துநரின் மகள் கலெக்டர் ஆன கதையைச் சொல்கிறீர்கள் என்றால் "யெகோ ஆ செர்" போடுங்கள், அந்தப் பாதையின் நீளம் முழுவதும் அந்த வினையிலேயே இருக்கிறது. "செ போல்பியோ" மட்டும் வேண்டாம், அது "பைத்தியமாகிவிட்டான், கஞ்சனாகிவிட்டான்" என்று குணம் மாறுவதற்கு.

குழந்தைகளின் "பெரியவனாகி டாக்டர் ஆகப்போறேன்" ஸ்பெயினில் "தெ மயோர் கியேரோ செர் மெதிக்கோ", லத்தீன் அமெரிக்காவில் "குவாந்தோ செயா க்ராந்தெ கியேரோ செர் மெதிக்கோ". இங்கே "ஆவது" சாதாரண "செர்"தான், அதாவது "சோய்"யின் மூல வடிவம்.

ஆங்கிலம் போலவே இருந்து ஏமாற்றும் சொற்கள் எவை?

நிறைய. வேலை விஷயத்தில் அடிக்கடி காலை வாருவதை மட்டும் சொல்கிறேன்.

"கொந்துக்தோர்" என்றால் ஓட்டுநர். நம் ஊர் பஸ் கண்டக்டரை அப்படி மொழிபெயர்த்தால் அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிடுவீர்கள். டிக்கெட் கிழிப்பவர் "கொப்ரதோர்", பணம் வசூலிப்பவர். ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவர் ஸ்பெயினில் "ரெபிசோர்". இசைக்குழுவை நடத்துபவர் "திரெக்தோர் தெ ஒர்கேஸ்தா".

"கொலேஹியோ" காலேஜ் இல்லை, பள்ளிக்கூடம். "கொலேஹியோவில் பாடம் நடத்துகிறேன்" என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் சொன்னால் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைப்பார்கள். "உனிபெர்சிதாத்" என்று சொல்லுங்கள். "ப்ரொஃபெசோர்" என்றாலும் ஆங்கில ப்ரொஃபசர் இல்லை, ஹைஸ்கூல் கணக்கு வாத்தியாரும் ப்ரொஃபெசோர்தான், நீச்சல் சொல்லிக்கொடுப்பவரும் ப்ரொஃபெசோர்தான். ஆரம்பப்பள்ளி ஆசிரியர் "மயேஸ்த்ரோ, மயேஸ்த்ரா". ஸ்பெயினில் பல்கலைக்கழகத்தின் மேல்நிலைப் பேராசிரியர் "கதெத்ராத்திக்கோ".

"கர்ரேரா" கேரியர் என்ற அர்த்தத்திலும் வரும், ஆனால் அதிகம் வருவது டிகிரிப் படிப்பு என்ற அர்த்தத்தில். "கே கர்ரேரா எஸ்தூதியாஸ்?" என்றால் என்ன டிகிரி படிக்கிறாய் என்று கேட்கிறார்கள். "தீத்துலோ" என்றால் பட்டம், சான்றிதழ். ஆபீஸில் உங்கள் பதவிப் பெயரை அது குறிக்காது, அதற்கு "புவேஸ்தோ" அல்லது "கார்கோ". "ஒஃபிசீனா" ஆபீஸ், "ஒஃபீசியோ" கைத்தொழில்: தச்சர், கொல்லர், தையல்காரர் செய்வது. "ஆக்துவால்" என்றால் இப்போதைய. "மி த்ரபாஹோ ஆக்துவால்" என்பது "என் உண்மையான வேலை" இல்லை, "இப்போ பார்க்கிற வேலை".

மேனேஜர் என்பதற்கு எது சரி?

எந்த மேனேஜர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் கல்லாவுக்கும் ஆட்களுக்கும் பொறுப்பாக நிற்கிறவர் "என்கர்காதோ". வங்கிக் கிளை மேலாளர் ஸ்பெயினில் "திரெக்தோர்", லத்தீன் அமெரிக்காவில் "ஹெரேந்தெ". ப்ராஜெக்ட் மேனேஜர் ஸ்பெயினில் "ஹேஃபெ தெ ப்ரொயேக்தோ", அட்லாண்டிக்கைத் தாண்டினால் பெரும்பாலும் "ஹெரேந்தெ தெ ப்ரொயேக்தோ". கால்பந்து அணி மேனேஜர் "என்த்ரெனதோர்", தென்னமெரிக்காவில் "திரெக்தோர் தேக்னிக்கோ". பாடகருக்குக் கச்சேரி பேசி முடிக்கிறவர் "ரெப்ரெசென்தாந்தெ". அலுவலகத்தில் "எங்க மேனேஜர்" என்று சும்மா சொல்வதற்கு எல்லா இடத்திலும் "மி ஹேஃபெ" போதும், பெண் என்றால் "மி ஹேஃபா".

வேலை இல்லை, வேலை போய்விட்டது, வேலையை விட்டேன், ரிட்டயர்டு: இவற்றை எப்படிச் சொல்வது?

ஸ்பெயினில் வேலையில்லாமல் இருப்பவர் "எஸ்தா என் பாரோ", அவர் "பராதோ". இதே "பராதோ" லத்தீன் அமெரிக்காவில் நின்றுகொண்டிருப்பவர். மெக்சிகோவில் போய் "எஸ்தோய் பராதோ" என்றால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். இரு பக்கமும் புரிய "தெசெம்ப்லெயாதோ". கௌரவமாகச் சொல்ல "எஸ்தோய் புஸ்காந்தோ த்ரபாஹோ", வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தின் "பிட்வீன் ஜாப்ஸ்" எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றால் "மெ தெஸ்பிதியேரோன்", பேச்சில் "மெ எச்சாரோன்". நாமே விட்டால் "தெஹே எல் த்ரபாஹோ" எங்கேயும் செல்லும், லத்தீன் அமெரிக்காவில் "ரெனுன்சியே" அதிகம். ரிட்டயர் ஆனவர் "எஸ்தா ஹுபிலாதோ". கவனியுங்கள், இங்கே "எஸ்தா" வந்துவிட்டது, ஏனென்றால் இது ஒரு மாற்றத்தின் விளைவாக வந்த நிலை.

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதை ஒரு ஸ்பானியருக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஸ்பெயின்காரருக்கு ஒரே வாக்கியத்தில் புரியும்: "எஸ்தோய் ப்ரெபராந்தோ ஒபொசிசியோனெஸ்." அங்கே அரசு வேலைக்கான போட்டித் தேர்வுக்குப் பெயர் ஒபொசிசியோனெஸ், எழுதுபவர் "ஒபொசிதோர், ஒபொசிதோரா". வருஷக்கணக்காக அறைக்குள் உட்கார்ந்து படிப்பது, கோச்சிங் சென்டர், சில இடங்களுக்குப் பெருங்கூட்டம், பாஸ் ஆனால் ஆயுசுக்கும் நிரந்தர வேலை என்று வீட்டில் நிம்மதி, எல்லாம் அங்கேயும் உண்டு. ஆங்கிலத்தில் இதைப் பத்து வாக்கியத்தில் விளக்குவோம். பாஸ் ஆனவர் "ஃபுன்சியொனாரியோ". லத்தீன் அமெரிக்காவில் "ஃபுன்சியொனாரியோ" என்றால் பெரிய அதிகாரி என்ற தொனி வரலாம், அங்கே "எம்ப்லெயாதோ பூப்லிக்கோ" பொதுவானது, மெக்சிகோவில் "செர்பிதோர் பூப்லிக்கோ".

ஒரே தொழிலுக்கு நாட்டுக்கு நாடு வேறு சொல் இருப்பது உண்மையா?

உண்மை, அதுவும் அன்றாடத் தொழில்களில்தான் அதிகம். ஹோட்டல் சர்வர் ஸ்பெயினில் கமரேரோ, மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் மெசேரோ, அர்ஜென்டினாவிலும் பெருவிலும் மோசோ, சிலியில் கர்சோன். பிளம்பர் ஸ்பெயினில் ஃபொந்தனேரோ, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ப்லொமேரோ, பெருவில் கஸ்ஃபிதேரோ. கணக்காளர் லத்தீன் அமெரிக்காவில் கொந்ததோர், ஸ்பெயினில் கொந்தாப்லெ. மாத்ரித்தில் "சோய் கொந்ததோர்" என்றால் நான் கரண்ட் மீட்டர் என்று சொன்ன மாதிரி இருக்கும், அங்கே கொந்ததோர் என்பது மீட்டர்.

எதைப் படிப்பது என்றால், நீங்கள் பேசப்போகும் ஆட்கள் எந்த நாட்டுக்காரர்களோ அந்த நாட்டுச் சொல்லை. கம்பெனி வாடிக்கையாளர் மெக்சிகோ என்றால் மெக்சிகோ. ஒன்றை வாயில் நன்றாக ஏற்றிக்கொண்டு மற்றவற்றைக் காதில் வைத்திருங்கள்.

ஐ.டி.யில் வேலை என்று எப்படிச் சொல்வது?

ஸ்பெயினில் "த்ரபாஹோ என் இன்ஃபொர்மாத்திக்கா", லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளில் "த்ரபாஹோ என் சிஸ்தேமாஸ்". புரோகிராமர் "ப்ரொக்ரமதோர், ப்ரொக்ரமதோரா", சாஃப்ட்வேர் இன்ஜினியர் "இன்ஹெனியேரோ தெ சாஃப்ட்வேர்". டீம் லீட் "ஹேஃபெ தெ எகீப்போ" அல்லது "லீதெர் தெ எகீப்போ". கஸ்டமர் கேர் "அதென்சியோன் அல் க்லியேந்தெ". நைட் ஷிப்ட் "தூர்னோ தெ நோச்செ". பயிற்சிக்கு வந்திருக்கும் இன்டர்ன் ஸ்பெயினில் "பெக்காரியோ", மற்ற இடங்களில் "ப்ராக்திக்காந்தெ" அல்லது "பசாந்தெ".

வீட்டு வேலை செய்பவர், இல்லத்தரசி?

இல்லத்தரசி "ஆமா தெ காசா". பிறர் வீட்டில் வேலை செய்பவர் ஸ்பெயினில் "எம்ப்லெயாதா தெ ஒகார்", லத்தீன் அமெரிக்காவில் "த்ரபஹதோரா தெல் ஒகார்" அல்லது "எம்ப்லெயாதா தொமேஸ்திக்கா". பழைய அகராதிகளில் "க்ரியாதா", "சிர்பியேந்தா" என்று இருக்கும். அவற்றை எடுக்காதீர்கள், நம் ஊரில் "வேலைக்காரி" எப்படிக் காதில் விழுகிறதோ அப்படித்தான் அவையும். மெக்சிகோ 2019இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு உரிமைகளைச் சேர்த்தபோது சட்டத்திலேயே "வீட்டுப் பணித் தொழிலாளர்" என்ற பொருள் தரும் பெயரைத்தான் வைத்தது. பெயர் கொடுப்பதில் மரியாதை தொடங்குகிறது என்று நினைக்கிறவன் நான், ஆகவே இதில் கறாராக இருப்பேன்.

மெக்சிகோவில் ஒருவரை "லிசென்சியாதோ" என்று கூப்பிடுகிறார்களே, அவர் வக்கீலா?

வக்கீலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நேரான அர்த்தம் பட்டதாரி. அலுவலகங்களில் அது மரியாதை அழைப்பு, நாம் "சார்" என்பதற்குப் பக்கத்தில் வரும். இன்ஜினியரை "இன்ஹெனியேரோ" என்றே கூப்பிடுவார்கள். கொலம்பியாவில் "தொக்தோர்" என்று அழைக்கப்படுகிறவர் ஊசி போடுகிற டாக்டராக இருக்க வேண்டியதில்லை. ஸ்பெயினில் இந்தப் பழக்கம் குறைவு.

இன்னொன்று: பட்டத்தோடு பெயரும் வந்தால், அவரைப் பற்றிப் பேசும்போது "எல்" சேரும், நேரில் அழைக்கும்போது சேராது. "எல் தொக்தோர் கார்சீயா" வந்திருக்கிறார். "புவேனோஸ் தீயாஸ், தொக்தோர் கார்சீயா".

கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டால் போதாதா?

ஒற்றை வாக்கியத்துக்கு இப்போது நன்றாகவே வருகிறது, தேவையில்லாத "உன்"னைக்கூட அதுவே எடுத்துவிடும். சிக்கல் ஆண்பால் பெண்பாலில். ஆங்கிலத்தில் "டாக்டர்", "நர்ஸ்" என்பவை ஆணா பெண்ணா என்று சொல்லாது, ஸ்பானிஷுக்குக் கட்டாயம் தெரியணும். கூகுள் 2018 டிசம்பரில் ஸ்பானிஷ் உட்படச் சில மொழிகளுக்கு இரண்டு வடிவங்களையும் காட்ட ஆரம்பித்தது, ஒற்றைச் சொற்களில் தொடங்கி. ஆனாலும் நீளமான பத்தியை ஒட்டினால் யார் ஆண், யார் பெண் என்று அதற்குத் தெரியாமல் போகலாம். பயோடேட்டாவை அனுப்பும் முன் ஒவ்வொரு தொழில் பெயரின் கடைசி எழுத்தையும் நீங்களே பார்த்துவிடுங்கள். எந்த நாட்டுக்குப் போகிறது என்பதையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

"ஷி ரன்ஸ் எ ஷாப்", "ஐ வொர்க் ஃபார் மைசெல்ஃப்" மாதிரியான சொற்றொடர்கள்?

அவள் கடையோடு ஓடவில்லை, ஆகவே ஓடுகிற வினை வேண்டாம். "தியேனெ உனா தியேந்தா", கடை வச்சிருக்காங்க. தமிழில் சொல்வதேதான். சொந்தமாகத் தொழில் செய்கிறேன் என்பதற்கு "த்ரபாஹோ போர் மி குவேந்தா", ஸ்பெயினில் "சோய் அவ்தோனோமோ" என்றும் சொல்வார்கள், வரி, காப்பீட்டுப் பதிவிலும் அதுதான் பெயர். "ஃபார் எ லிவிங்" என்ற வால் பெரும்பாலும் தேவையே இல்லை. பிழைப்பு என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் "மெ கானோ லா பீதா". "நைன் டு ஃபைவ்" என்பதையும் அப்படியே மாற்றாதீர்கள், ஸ்பெயினில் மதியம் நீண்ட இடைவெளி விட்டு மாலை வரை நீளும் வேலைநேரமும் இருக்கிறது, அதற்கு "ஹொர்னாதா பர்தீதா" என்று பெயர்.

டெலே ஏ1 (ஸ்பானிஷ் மொழித் தகுதித் தேர்வின் தொடக்க நிலை) தேர்வில் என்னைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு மாதிரி கொடுக்க முடியுமா?

ஒரு நர்ஸ் சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

"சோய் என்ஃபெர்மேரா. த்ரபாஹோ என் உன் ஒஸ்பிதால் தெ மதுரை. யேபோ ஓச்சோ ஆஞோஸ் அயீ. மி மரீதோ எஸ் கொந்துக்தோர் தெ அவ்தொபூஸ். மி பாத்ரெ எரா ப்ரொஃபெசோர். யா எஸ்தா ஹுபிலாதோ."

நான் நர்ஸ். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. எட்டு வருஷமா அங்கே இருக்கேன். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அப்பா வாத்தியாரா இருந்தார், இப்போ ரிட்டயர் ஆயிட்டார். மூன்று பேரின் தொழிலுக்கு முன்னாலும் "உன்" இல்லை, ஆஸ்பத்திரிக்கு முன்னால் மட்டும் இருக்கிறது. "நான்" என்ற "யோ" எங்கேயும் வரவில்லை, நம் "-ஏன்" மாதிரி வினையின் விகுதியே சொல்லிவிடுகிறது. உங்கள் தொழிலையும் ஊரையும் வைத்து இதை மாற்றி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தேர்வு நடத்தும் செர்வாந்தெஸ் நிறுவனத்துக்கு டெல்லியில் கிளை இருக்கிறது.

நண்பர்கள் பேசும்போது "த்ரபாஹோ" என்றே சொல்வதில்லையே?

ஊருக்கு ஊர் கொச்சை உண்டு. ஸ்பெயினில் "கூர்ரோ", மெக்சிகோவிலும் பெருவிலும் "ச்சாம்பா", அர்ஜென்டினாவில் இத்தாலியர்கள் கொண்டுவந்த "லபூரோ", சிலியில் "பேகா", கொலம்பியாவில் "கமேயோ", அதாவது ஒட்டகம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், பழகிய பிறகு நண்பர்களிடம் பேசுங்கள், நேர்முகத் தேர்வில் வேண்டாம்.

எழுதும்போது பதவிப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கணுமா?

வேண்டாம். ஆங்கிலத்தில் பிரதமர், மேனேஜர், டைரக்டர் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்துப் போட்டுப் பழகியிருப்போம். ராயல் அகாடமியின் 2010 எழுத்திலக்கணப்படி ஸ்பானிஷில் அரசர், போப்பாண்டவர், அதிபர் பதவிகளுக்கும்கூடச் சின்ன எழுத்துதான். மின்னஞ்சலின் அடியில் தனி வரியாகப் பெயருக்குக் கீழே பதவி வந்தால், வரியின் தொடக்கம் என்பதால் முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கலாம்.